பதினேழாவது வரியில் மீனு

பவுனுக்குப் பயம் என்பது ஜலதோஷம் மாதிரி வந்து போகிற சமாசாரம் அல்ல, கூடவே பிறந்தது. புனேவுக்கு வந்து பதினாறு வருடம் ஆகியும், அங்கே ஔந்த் பகுதியில் சாலையைக் கடக்க வேண்டுமானால் நாலு பேர் சேரும்வரை ஓரமாக நிற்பாள். சேர்ந்ததும் அவர்களுக்கு நடுவில் புகுந்துகொள்வாள். வீட்டுக்காரர் மராத்தியில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசிவிட்டால், நாம் என்ன தப்பு செய்தோமோ என்று உள்ளங்கை வேர்த்துவிடும். ஆனால் அதே பவுன், பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் மண்டை உடைந்து ரத்தம் ஒழுக வந்து நின்றால் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டாள். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று இந்தியில் விசாரிப்பாள். ரத்தத்துக்குப் பயப்படாதவள் எண்களுக்குப் பயப்படுவாள். அவள் வார்ப்பு அப்படி.

அவள் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. ஈரோட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, வசந்தகுமாரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தாள். அவர் பாணேரில் ஓர் ஐ.டி. கம்பெனிக் கட்டடத்தில் பராமரிப்பு சூப்பர்வைசர். அவள் ஔந்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் நோயறையில் நர்ஸ். ஒன்பது வருடமாக ஒப்பந்த வேலைதான். ஒவ்வொரு மே மாதமும் பிரின்சிபால் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் இந்த ஒன்பது வருடமும் ஏப்ரல் மாதத்தில் பவுன் ஒருநாள்கூட ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை.

இரண்டு வருடம் முன்பு பிரின்சிபால் கூப்பிட்டு, பள்ளிச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் வாங்கினால் நிரந்தர வேலை தருகிறேன் என்றார். வார இறுதியில் மட்டும் வகுப்பு நடத்தும் ஒரு கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். நாற்பது வயதில் பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மற்ற பாடங்களெல்லாம் அவளுக்கு அத்துப்படி. புள்ளியியல் என்று ஒன்று வந்தது பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

ஆனாலும் விட்டுவிடவில்லை. தனக்குத் தெரிந்த நோயறையை வைத்தே ஒவ்வொன்றையும் பிடித்தாள். பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு உடல் வெப்பம் தொண்ணூற்றெட்டு, ஒருவனுக்கு நூற்று நாலு. சராசரி போட்டால் தொண்ணூற்றெட்டரைக்குக் கொஞ்சம் மேலே வரும். அதைப் பார்க்கிறவன் யாருக்கும் ஜுரமில்லை என்று சொல்லிவிடுவான். "சராசரியில் ஜுரக்காரன் காணாமல் போவான்" என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். இடைநிலை என்பது இன்னும் எளிது. எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கு, நடுவில் நிற்பதை எடு. அடுக்காமல் இடைநிலை இல்லை என்று ஆசிரியர் பலகையைத் தட்டித் தட்டிச் சொன்னார். அது பவுனின் மண்டையில் ஆணியடித்ததுபோல் இறங்கிவிட்டது. வினை அங்கேதான் இருந்தது.

பட்டத்துக்கான ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது பிள்ளைகள் சுமக்கும் பையும் அவர்கள் முதுகுவலியும். பை கனமாக இருந்தால் வலி அதிகமா? ஜனவரியில் ஆறாவது முதல் எட்டாவது வரை நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளை நோயறைக்கு ஒவ்வொருவராக வரவழைத்தாள். சூட்கேஸைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் கொக்கித் தராசில் பையை மாட்டி எடை குறித்தாள். பிறகு ஆறு முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டுவாள். சிரிக்கிற முகத்துக்குப் பூஜ்யம், கண்ணீர் விடுகிற முகத்துக்குப் பத்து. உன் முதுகு இதில் எந்த முகம் என்று கேட்பாள். பிள்ளை தொட்டுக் காட்டும் முகத்தின் எண்ணைப் படிவத்தில் எழுதுவாள்.

பிப்ரவரியில் எல்லாவற்றையும் லேப்டாப்பில் எக்செல் கட்டங்களுக்குள் ஏற்றினாள். முதலில் பெயர், அடுத்து பை எடை, அடுத்து வலி. அடுத்த வேலை இடைநிலை கண்டுபிடிப்பது. அதற்கு ஒரே சொடுக்கில் நடு எண்ணைத் தருகிற வழி உண்டு. பவுனுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது பலகையில் தட்டிச் சொன்ன வழி. எடைப் பத்தியைத் தேர்ந்தெடுத்து அடுக்கச் சொன்னாள். உடனே ஒரு பெட்டி குதித்து வந்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டது. பக்கத்துப் பத்திகளையும் சேர்த்து நகர்த்தவா, தேர்ந்தெடுத்ததை மட்டும் அடுக்கவா?

பவுன் பயந்துவிட்டாள். வார்டில் அவளுக்குப் பழக்கிய முதல் பாடம், சொன்னதைத் தவிர வேறெதையும் தொடாதே என்பது. தேர்ந்தெடுத்ததை மட்டும் என்று அழுத்தினாள். எண்கள் அழகாக வரிசையில் நின்றன. ஐம்பத்தாறாவதற்கும் ஐம்பத்தேழாவதற்கும் நடுவைக் குறித்துக்கொண்டாள். வலிப் பத்திக்கும் அப்படியே செய்தாள். சேமித்து மூடிவிட்டு, பெரிய மலையைத் தாண்டிய மாதிரி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நல்லதாகவே நடந்தது. இரண்டு அளவுகள் எவ்வளவுக்குச் சேர்ந்து நடக்கின்றன என்று சொல்ல ஓர் எண் உண்டு. ஒன்றை நெருங்கினால் இணைபிரியாத ஜோடி, பூஜ்யத்தை நெருங்கினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. பவுனுக்கு வந்தது பூஜ்யம் புள்ளி ஒன்பது ஆறு. கல்லூரியில் அவளுடைய ஆய்வு வழிகாட்டி ஆப்டே மேடம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். புள்ளிப்படத்தைப் பெரிதாக அச்சடித்துத் துறையின் சுவரில் ஒட்டினார். பிரின்சிபாலுக்கும் சேதி போனது. மூன்று கிலோவுக்கு மேல் பை கூடாது, இலேசான பை உள்ள பிள்ளைக்கு வலி வராது என்பது நம் பள்ளியின் ஆய்விலேயே தெரிந்துவிட்டது என்று பெற்றோருக்கு நோட்டீஸ் அனுப்பினார். ஆய்வேட்டின் நாலு பிரதிகள் பைண்டு ஆகின. நேர்முகத் தேர்வு ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை.

அதற்கு முந்தின வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு ஆறாவது 'ஏ'யிலிருந்து மீனு வந்தாள். பாணேரில் இருக்கும் சென்னைக் குடும்பத்துப் பெண், பிறந்து வளர்ந்ததெல்லாம் புனே. தமிழ் பேசுவாள், கல்லில் நடக்கிற மாதிரி. வலிக்கிறது என்பதை மராத்தியிலிருந்து இழுத்து 'துக்குது' என்பாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஒரு சீட்டை நீட்டினாள்.

"ஆன்ட்டி, இங்க ரொம்ப துக்குது. டெய்லி துக்குது. மிஸ் இது குடுக்க சொன்னாங்க."

சீட்டு அவளுடைய வகுப்பாசிரியை ஷிண்டே மிஸ் ஆங்கிலத்தில் எழுதியது. 'இவளுடைய பை இரண்டரைக் கிலோகூட இல்லை. உங்கள் ஆய்வின்படியே இவளுக்கு வலி இருக்க வாய்ப்பில்லை. நாடகம். தயவுசெய்து வகுப்புக்குத் திருப்பி அனுப்பவும்.'

உங்கள் ஆய்வின்படி என்ற சொல்லிலேயே பவுன் நின்றுவிட்டாள். படுக்க வைத்தால் என் ஆய்வை நானே பொய்யாக்கின மாதிரி ஆகிவிடுமோ? நாளை மறுநாள் தேர்வு. பிரின்சிபால் காதுக்குப் போனால்? அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்காமலேயே தைலத்தை எடுத்து இடுப்பில் தடவினாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. சரியாப் போயிரும். கிளாசுக்குப் போ."

மீனு தலையாட்டினாள். சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடியே போனாள். அப்படிப் போனதைப் பார்த்த பிறகு பவுனால் உட்கார முடியவில்லை. ஜனவரியில் இதே குழந்தை எந்த முகத்தைத் தொட்டாள்? சிரிக்கிற முகத்தைத்தான் தொட்டிருப்பாள், இருக்க வேண்டும், அப்படியிருந்தால் தன் மனசு ஆறும் என்று லேப்டாப்பைத் திறந்தாள்.

பதினேழாவது வரியில் மீனு இருந்தாள். பை மூன்று புள்ளி மூன்று கிலோ. வலி பூஜ்யம்.

உயிர் வந்தது. அடுத்த நொடியே போனது. பவுனுக்கு எண்கள்தான் மறக்குமே தவிர பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். அன்று மீனு அட்டையில் கடைசிக்கு முந்தின முகத்தில் விரலை வைத்துவிட்டு, வைத்த விரலை எடுக்காமல் நின்றாள். எட்டு. பவுன் தன் கையால் எட்டு என்று எழுதினாள். இங்கே எப்படி பூஜ்யம்?

மேலே பார்த்தாள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். கீழே போனாள். இரண்டு, இரண்டு, நாலு, நாலு, ஆறு. பி.டி. பீரியடில் உயர வரிசைப்படி நிற்க வைத்த பிள்ளைகள் மாதிரி எடையும் ஏறிக்கொண்டே போனது, வலியும் ஏறிக்கொண்டே போனது. பெயர்கள் மட்டும் வகுப்பு வரிசையில் அசையாமல் நின்றன. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் பைகளையும் வலிகளையும் பிடுங்கி, அவளே வேறு வேறு பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டிருக்கிறாள். இரண்டையும் தனித்தனியாக வரிசையில் நிறுத்திவிட்டு, இரண்டு வரிசையும் சேர்ந்து நடக்கிறதா என்று கேட்டால் நடக்காமல் என்ன செய்யும்?

லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள். மருந்து அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயந்திரம் படிவங்களை வைத்திருந்த பாகர்வடி பலகாரம் வந்த அட்டைப்பெட்டியைக் கட்டி வீட்டுக்குத் தூக்கிவந்தாள். வசந்தகுமார் அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெட்டியைக் கீழே வைக்காமலேயே விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"வெசனப்படாத புள்ள. நான் படிக்கறேன், நீ ஏத்து. பாத்துருவோம்" என்று அவர் பெட்டியைப் பிரித்தார்.

அவர் படிக்கப் படிக்க அவள் ஏற்றினாள். பதினேழாவது படிவம் வந்தது.

"மீனு. ரெண்டு புள்ளி நாலு. வலி எட்டு" என்றவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏம் புள்ள, அழுவறயா?"

"இல்லீங்க. நீங்க படிங்க."

எட்டரை மணிக்கு முடிந்தது. சராசரி பார்த்தாள், பழையதேதான். இடைநிலை பழையதேதான். சிதறலைச் சொல்லும் திட்டவிலக்கமும் இம்மி பிசகவில்லை. பைகளும் வலிகளும் அதே எண்கள்தானே, ஆள்தானே மாறிவிட்டது. கடைசியில் அந்த ஜோடி எண். பூஜ்யம் புள்ளி ஒன்று ஒன்று. பைக்கும் வலிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

வசந்தகுமார் மெதுவாகச் சொன்னார். "அப்ப நீயாச் சொன்னாத்தான் தெரியும். இல்லீன்னா ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அதுதான் பெரிய பயமாகிவிட்டது. யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தோடு நாற்பது வருடம் வாழ்ந்துவிட்டாள். அது பழகின பயம். யாருமே கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பது புதிது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஆப்டே மேடத்தின் அறைக்குப் போனாள். இந்தியில் சொல்லத் தொடங்கி, பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவி, எப்படியோ சொல்லி முடித்தாள். மேடம் இரண்டு கோப்புகளையும் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்காராமல் கதவருகிலேயே நின்றார்.

"சுவரில் ஒட்டியிருக்கிறேன், பவுன். மாநாட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். என் பெயர் இருக்கிறது" என்றார் மேடம். கொஞ்சம் பொறுத்து, "யாரும் மூலப்படிவம் கேட்கப் போவதில்லை. தேர்வு முடியட்டும். உங்களுக்கு வேலை வேண்டுமா, வேண்டாமா?"

"வேணும் மேடம். ஆனா அந்தக் குழந்தை, மீனு..."

"நூற்றுப் பன்னிரண்டில் ஒரு குழந்தை. ஒன்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இது முதல் வாரப் பாடம்."

பாடமென்னவோ சரிதான். பவுன் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிட்டாள்.

சனிக்கிழமை பதினொரு மணி. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மும்பைக்காரர், அச்சுதன் என்று பெயர், தலை முழுக்க வெள்ளை. பைண்டு செய்த பிரதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பவுன் தன் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள், விரல் வெளுத்துவிட்டது. புள்ளிப்படம் உள்ள பக்கத்தில் அவர் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கேட்டுவிடு, சாமி, நீயே கேட்டுவிடு என்று பவுன் வேண்டிக்கொண்டாள்.

அவர் கேட்கவில்லை. புத்தகத்தை மூடினார்.

"வெகு சுத்தமான வேலை. எனக்குக் கேள்வி எதுவும் இல்லை. வாழ்த்துகள், சிஸ்டர்."

ஆப்டே மேடம் மூச்சை விட்டது பவுனுக்குக் கேட்டது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே போனால் ஜூனிலிருந்து நிரந்தர வேலை. எழுந்தாள். கும்பிட்டாள். கால் நகரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போன அந்தச் சின்ன முதுகுதான் கண்ணுக்குள் நின்றது.

"சார், அது தப்பு" என்றாள்.

"எது?"

"எல்லாம். நான் ரெண்டு பத்தியையும் தனித்தனியா அடுக்கிட்டேன், சார். மீடியனுக்காக. யாரோட வலி யாரோடதுன்னு மாறிப்போச்சு." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. ஆனால் தொடங்கிவிட்டதால் நிறுத்தவும் தெரியவில்லை. "உண்மையான எண் பூஜ்யம் புள்ளி ஒண்ணு ஒண்ணு. படிவம் எல்லாம் கொண்டாந்திருக்கேன்."

பாகர்வடிப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். ஆப்டே மேடம் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அச்சுதன் பெட்டியைத் திறந்து, நாலைந்து படிவங்களைக் கையிலெடுத்தார். ஒவ்வொன்றாகப் படித்தார்.

"நான் கவனிக்கவில்லையே" என்றார் கடைசியில், தனக்குத் தானே சொல்வதுபோல். "உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"ஒரு குழந்தை வந்துச்சு, சார்."

தேர்ச்சி இல்லை என்று எழுதினார். திருத்தி எழுதி நவம்பரில் மறுபடி வரவேண்டும். அவர் கையெழுத்துப் போடும்போது பவுனுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. துறைச் சுவரிலிருந்த படத்தை ஆப்டே மேடமே உரித்து எடுத்ததை நடைவழியில் பார்த்தாள். மேடம் அவளைக் கடந்து அறைக்குள் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை, மணியடிப்பதற்கு முன்பே மீனுவை வகுப்பிலிருந்து வரவழைத்தாள். கட்டிலில் கவிழ்ந்து படுக்கச் சொல்லி, முதுகெலும்பை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தாள். இடுப்புக்குச் சற்று மேலே தொட்டதும் குழந்தை துள்ளிவிட்டது. அவளுடைய அம்மாவுக்கு போன் செய்து, இன்றைக்கே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றாள். அம்மா ஆபீசிலிருந்து உடனே கிளம்புவதாகச் சொன்னாள். பிறகு ஷிண்டே மிஸ்ஸின் பழைய சீட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினாள். 'என் ஆய்வு தவறு. இந்தக் குழந்தைக்கு வலிக்கிறது. வகுப்புக்கு அனுப்ப மாட்டேன்.' கீழே முழுப்பெயரும் தேதியும் போட்டாள். கையெழுத்து கோணிக்கொண்டது.

"மிஸ் நான் ஆக்டிங் பண்றேன்னு சொன்னாங்க" என்றாள் மீனு தலையணைக்குள்ளிருந்து. "எனக்கு நெஜமா துக்குதுன்னு உங்களுக்கு எப்பிடி தெரியும் ஆன்ட்டி?"

பவுன் போர்வையை இழுத்துவிட்டாள். "நீதான் சொன்னயே, கண்ணு. ஜனவரியிலயே சொன்ன. நாந்தான் கேக்காம உட்டுட்டேன்."

குழந்தை கண்ணை மூடிக்கொண்டது.

கதவருகே பியூன் வந்து நின்றான். பிரின்சிபால் உடனே வரச் சொல்கிறார், கையில் ஒப்பந்தக் கோப்பு இருக்கிறது என்றான். பிரின்சிபால் கூப்பிட்டால் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடுகிறவள் பவுன்.

நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இந்தப் பொண்ணோட அம்மா வந்தப்புறம் வர்றேன்னு சொல்லு" என்றாள் இந்தியில். குரல் நடுங்கத்தான் செய்தது.